நாவல்துறையின் மூன்று ராவுத்தர்கள்

கோட்டைமேடு, கோவை
24 ஜூன் 2024

லோகு,

நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. நீ அனுப்பிய குரல் செய்தியையும் கேட்காமலே அழித்துவிட்டேன். இப்போதெல்லாம் போனைத் தொட்டாலே கை கூசுகிறது. அதில் எதைச் சொன்னாலும் நாளைக்கு அது வேறொன்றாக வெளியே வருகிறது. எம்.ஏ. படித்தபோது விடுமுறையில் நீ சத்தியமங்கலத்துக்கு வீட்டுக்குப் போனதும் தாளில் எழுதிக்கொள்வோமே, அதுபோல எழுதுகிறேன். நீயும் அப்படியே எழுது.

வீடியோவைப் பார்த்திருப்பாய். உங்கள் ஊர்ச் சிலைக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் நான் முக்கால் மணி நேரம் பேசினேன். அதிலிருந்து இரண்டே வாக்கியங்களை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். “ராவுத்தர் ஒரு முஸ்லிம் குதிரை வீரர்.” உடனே அடுத்தது, “கம்பெனிப் படைக்கு ஆற்றில் துறை காட்டியவன் ராவுத்தன்.” கீழே சிவப்பு எழுத்தில், ‘துரோகி யார் என்று முஸ்லிம் பேராசிரியையே ஒப்புக்கொண்டார்.’

நான் சொன்னது மூன்று பேரைப் பற்றி. உன் வீட்டில் காட்ட வசதியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் ஆள் குதிரை விற்க வந்த ராவுத்தர். நாவல்துறையில் மாடு பிடிக்க வந்த கொள்ளைக் கூட்டத்தை எதிர்த்துச் செத்தவர். வேப்பமரத்தடி மேடையில் மண்குதிரையோடு இருப்பவர் அவர்தான். ஊரார் அந்த நன்றிக்குத் தங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதனால்தான் உங்கள் பக்கத்தில் இந்துக் குடும்பங்களிலும் ராவுத்தன் என்று பெயர் உண்டு.

இரண்டாவது ஆள் அப்படிப் பெயர் வைக்கப்பட்ட ஒரு பிள்ளை. பல தலைமுறை கழித்து வந்தவன். ஊர்க் காவல்காரன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அவனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். சிலை அவனுக்குத்தான், வைக்க வேண்டியதுதான்.

மூன்றாவது ஆளும் அதே ஊர், அதே காலம், அதே பெயர். இரவோடு இரவாகப் படையை ஆழமில்லாத துறை வழியே கூட்டி வந்தவன். துரோகி என்று போகிறவர் வருகிறவரெல்லாம் ஆளுக்கொரு கல் போட்டு, ஆற்றோரக் கல்லுக்குமி அவன் பெயரில்தான் வளர்ந்துகொண்டிருக்கிறது.

குதிரைக்காரருக்கும் மற்ற இரண்டு பேருக்கும் நடுவில் இருநூறு வருடம். இதை ஐந்து முறையாவது சொன்னேன்.

என்னைப் பேசக் கூப்பிட்டவள் நீ. வீடியோ எடுத்தது விழாக் கமிட்டி. கமிட்டித் தலைவர் உன் கணவரின் பெரியப்பா. அந்த இரண்டு வாக்கியங்களை ஒட்டியது யார் என்று கேட்டுச் சொல்.

யாஸ்மின்


நாவல்துறை, தாராபுரம் வழி
2 ஜூலை 2024

யாஸ்மின் புள்ள,

தபால்காரம்மா ராமாமணி அக்கா உன் கடிதத்தை நீட்டியபோது, “என்னுங்க அம்மணி, கோர்ட்டு நோட்டீஸா?” என்று கேட்டார். கையால் எழுதிய உறையை அவரே பார்த்து வெகுநாளாயிற்றாம்.

கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். கதிர்வேலைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவங்க சொல்றது சரிதான். இப்ப எதுக்கு அது?” என்றார். கமிட்டித் தலைவரான பெரிய மாமாவிடம் நானே போனேன். செங்கோடன் என்ற பெயரைச் சொன்னால் இங்கே பஸ்கூட நிற்கும், அவர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று எப்படியோ கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. சிரித்தார். “மூணு பேருன்னா எப்படிங்கம்மணி? ஒரு செலைக்கு மூணு மூஞ்சி வெக்க முடியுமா?” என்றார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். கமிட்டியில் புதிதாகத் திருப்பூரிலிருந்து சில பையன்கள் வருகிறார்கள், போனும் கையுமாக. ஒட்டியது அவர்களாகத்தான் இருக்கும். எனக்கு உறுதியாகத் தெரியாது.

யாகூப் அண்ணன் கோழிப்பண்ணை மோட்டாருக்குக் காயில் கட்ட வந்திருந்தார். ஊரில் உங்கள் ஆட்கள் என்று இருப்பது அந்த ஒரு வீடுதான். வியாழன்தோறும் வேப்பமரத்து மேடையில் விளக்கு வைப்பவரும் அவர்தான். “ஏனுங்க, வீடியோவுல சொல்ற துரோகி எங்க பாட்டனுங்களா? எங்க ஊட்டுல ஆருக்குமே நீச்சல் தெரியாதுங்களே, ஆத்துல எப்படி எறங்கியிருப்பாங்க?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு சிரித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

ஒன்று கேட்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஆற்றுக்குப் போகும் வழியில் எல்லோரும் அந்தக் கல்லுக்குமியில் ஒரு கல்லைப் போட்டார்கள். நானும் குனிந்து எடுத்தேன். என் மாமியார் பாப்பாயி அத்தை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “நம்மூட்டு ஆளுக போடறதில்ல கண்ணு.” ஏன் என்று கேட்டதற்குக் கையைப் பிடித்தபடியே ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு நடந்தார். உனக்குத் தெரியுமா?

லோகு


கோட்டைமேடு
11 ஜூலை 2024

லோகு,

தெரியும். மேடையில் அதை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன். முன்வரிசையில் நீ உட்கார்ந்திருந்தாய்.

தன் பாட்டன் தலையில் யாராவது கல் போடுவார்களா? துறை காட்டிய ராவுத்தன் உன் புகுந்த வீட்டின் முன்னோன். தூக்கில் தொங்கிய காவல்காரனுக்குப் பிள்ளை குட்டி இல்லை. உங்கள் வாய்க்கால் பாசன வயல் அத்தனையும் துறை காட்டியதற்குக் கம்பெனி கொடுத்த மானியம். இது ரகசியமே இல்லை. நான் தகவல் கேட்டுப் போன வீடுகளிலெல்லாம் வயதானவர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டு, “எழுதிப்போடாதீங்க” என்றார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்றை ஊரே சேர்ந்து வாய்க்குள் வைத்திருக்கிறது.

செங்கோடன் ஐயா இப்போது என்ன செய்கிறார் என்று புரிகிறதா? காவல்காரனைத் தன் பாட்டன் என்கிறார். தன் பாட்டனின் துரோகத்தைக் குதிரைக்காரர் தலையில் வைக்கிறார். மூவருக்கும் ஒரே பெயராக இருப்பது அவருக்கு எவ்வளவு வசதி! நம்பவில்லை என்றால் உன் மாமியாரிடம் கேள். அவர் பொய் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, “கொஞ்ச நாளைக்கு வெளிக் கூட்டங்களெல்லாம் வேண்டாமேம்மா” என்றார், மிக மரியாதையாக. ஆர்.எஸ்.புரத்தில் துணி எடுக்கப் போனபோது ஒருவன் என் முகத்துக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்குக் கடை கூடவே வந்தான். அத்தா இப்போது பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரம் ஆனதும் கடையைச் சாத்திவிடுகிறார். அவர் எதற்கும் கடையைச் சீக்கிரம் சாத்தியவர் இல்லை.

யாஸ்மின்


நாவல்துறை
28 ஜூலை 2024

யாஸ்மின்,

கேட்டேன்.

அத்தை புளி ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. “உங்க மாமன் சாகற வரைக்கும் எங்கிட்டச் சொல்லல. நான் கட்டிட்டு வந்தப்ப எங்க மாமியா சொன்னா. அந்த வயல்ல வெளைஞ்சதத்தான் நாம திங்கறோம், அதனால கல்லும் போடாத, பேச்சும் பேசாதன்னு. நீயும் பேசாத கண்ணு.” அவ்வளவுதான். பிறகு பேத்தி அக்ஷிதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாளா என்று கேட்டார்.

இதை மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வேறொன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் யாகூப் அண்ணன் வாசற்படியில் ஒரு கல் இருந்ததாம். ஆற்றுக் கல், வழுவழுப்பாக. குழந்தைகள் போட்டிருக்கும் என்று எடுத்து ஓரமாக வைத்தார். மறுநாளும் ஒன்று. யார் வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. சத்தமும் இல்லை. போன வியாழன் நான் அந்த வழியாகப் பால் ஊற்றப் போனபோது வாசலில் ஒரு சின்னக் குமியே இருந்தது. இல்மா, அவர் பெண், பன்னிரண்டாவது படிக்கிறாள், குனிந்து பாவாடையில் அள்ளிக் கொண்டுபோய் வேலியோரம் கொட்டினாள். என்னைப் பார்த்ததும், “பூச்செடிக்கு வரப்பு கட்டலாம்னு இருக்கனுங்க அக்கா” என்றாள். அவளுக்கு நான் எட்டாவதில் டியூஷன் எடுத்திருக்கிறேன். பொய் சொன்னால் அவள் காது சிவக்கும்.

யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. மோட்டாரை மட்டும் இப்போது தாராபுரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். எங்கள் பண்ணை மோட்டாரும் நேற்றுப் போய்விட்டது. இவர்தான் கொண்டுபோனார். என்னிடம் சொல்லவில்லை.

நீ இதையெல்லாம் பத்திரிகையில் எழுதிவிடாதே. கும்பிட்டுக் கேட்கிறேன். சிலை திறந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும்.

லோகு


கோட்டைமேடு
6 ஆகஸ்ட் 2024

லோகு,

அடங்காது. சிலை திறக்கும் நாளுக்காகத்தான் இது வளர்க்கப்படுகிறது. அழைப்பிதழைப் பார்த்தாயா? செப்டம்பர் முதல் தேதி, ஞாயிறு. கடைசி வரியில் ‘துரோகச் சின்னம் அகற்றும் உறுதிமொழி’ என்று போட்டிருக்கிறார்கள். துரோகச் சின்னம் என்றால் கல்லுக்குமி என்று நினைத்தாயா? வேப்பமரத்து மேடை.

என்னை நீண்ட விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்கள். பத்திரிகைக்கு நான் எழுதாமல் இல்லை. எழுதினேன், உன்னிடம் கேட்காமல். எவரும் போடவில்லை. “மேடம், சொல்றது நீங்களா இல்லாம இருந்தா போடலாம்” என்றார் ஒருவர். அவர் கெட்டவர் இல்லை. உண்மையைத்தான் சொன்னார். யாஸ்மின் என்ற பெயரில் இதைச் சொன்னால் சொன்னதாகவே ஆகாது.

சொல்ல வேண்டியவர்கள் உன் வீட்டில் இருக்கிறார்கள். ஒருவர் போதும். ‘துறை காட்டியவன் எங்கள் ஆள்’ என்று ஒரே ஒரு வாய் சொன்னால் போதும். நீங்கள் கல் போடாமல் கட்டிக்காத்த மரியாதை, யாகூப் வாசலில் கல்லாக விழுகிறது. நீ பாலை ஊற்றிவிட்டு நகர்ந்து போகிறாய். இல்மா பொய் சொன்னது உனக்குத் தெரிகிறது, காது சிவந்தது தெரிகிறது. அப்புறமும் சும்மா இருக்க எப்படி முடிகிறது?

யாஸ்மின்


நாவல்துறை
19 ஆகஸ்ட் 2024

யாஸ்மின்,

நீ வந்தாய், மாலை போட்டுக்கொண்டாய், பேசினாய், அன்றைக்கே பஸ் ஏறிப் போய்விட்டாய். நான் இந்த ஊரில் குடியிருக்கிறேன். பெரிய மாமா வீட்டுச் சுவரும் எங்கள் சுவரும் ஒன்று. என் பெண் அந்த வீட்டு வாசலில்தான் விளையாடுகிறாள். என் வாயைத் திறந்தால் எனக்கு எங்கே போக இடம்? சத்தியில் அண்ணன் வீட்டிலா? நகை போட்டுக் கட்டிக்கொடுத்த தங்கை பையோடு வந்து நின்றால் அண்ணி என்ன முகம் காட்டுவாள் என்று உனக்குத் தெரியாது. உனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. உன் அத்தா அப்துல் முத்தலிப் மாதிரி எல்லோருக்கும் அப்பா கிடைப்பதில்லை.

சும்மா இருக்க எப்படி முடிகிறது என்று கேட்கிறாய். முடியவில்லை. சோறு இறங்கவில்லை. திருப்தியா?

நேற்று யாகூப் அண்ணன் கதவே திறக்க முடியாத அளவுக்குக் கல். வீட்டார் பின்பக்கமாக வெளியே வந்து கல்லை அள்ளி அப்புறப்படுத்தினார்கள். உதவிக்கு ஒருவரும் போகவில்லை. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து ஜன்னலைச் சாத்தினார். “பாக்காத லோகு” என்றார்.

இனி எழுதாதே.

லோகப்பிரியா


கோட்டைமேடு
27 ஆகஸ்ட் 2024

லோகு,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் படி.

யாகூப் அண்ணன் நேற்று இல்மாவைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார். அவளுடைய உம்மாவையும் கூட்டி வந்தார். அவர் மட்டும் திரும்பிப் போனார். இருந்துவிடுங்கள் என்று அத்தா கெஞ்சினார். “வியாழக்கெழம வெளக்கு வெக்கோணுங்க பாய். எங்கப்பன் வெச்சாரு, அவங்கப்பன் வெச்சாரு. நான் பயந்து ஓடிட்டா அவங்க சொல்றது நெசம்னு ஆகிப்போகுமுங்க” என்றார். டீயை முழுதாகக் குடிக்காமல் போய்விட்டார்.

உன்னை நான் ஒன்றும் கேட்கவில்லை. போன கடிதத்தில் கேட்டதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெளியே வராதே. அக்ஷிதாவை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள். எனக்குப் பயமாக இருக்கிறது.

யாஸ்மின்


நாவல்துறை
4 செப்டம்பர் 2024

யாஸ்மின்,

செய்தியில் ‘சிறு சலசலப்பு’ என்று போட்டிருந்தார்கள். நடந்ததை நான் எழுதுகிறேன். ராமாமணி அக்கா வாசலில் காத்திருக்கிறார், இதைத் தானே நேராகத் தாராபுரம் பெட்டியில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பஸ் ஸ்டாப்பில் சிலையைத் திறந்தார்கள். வாள், மீசை, நெற்றியில் பட்டை. பெரிய மாமா மைக்கைப் பிடித்தார், ஒலிபெருக்கி எங்கள் வீடு வரை கேட்டது. “எங்க பாட்டன் ராவுத்தனத் தூக்குல போட்டாங்க. அவரக் காட்டிக்குடுத்தவனுக்கு இன்னமும் வியாழனாச்சுன்னா வெளக்கு எரியுதுங்க. பாத்துட்டு இருக்கறமுங்க நாம” என்றார். குரல் தழுதழுத்தது. அவர் அதை நம்பிவிட்டார் என்று எனக்கு அப்போது தோன்றியது. அதுதான் பெரிய பயம்.

கடப்பாரையோடு வெளியூர்ப் பையன்கள் முன்னால் போனார்கள். ஊர் பின்னால் போனது. நீ சொன்னபடி நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். அக்ஷிதாவை அத்தையிடம் விட்டுவிட்டு எப்படி எழுந்தேன் என்று நினைவில்லை. பண்ணைக்குப் பின்னால் வரப்பில் ஓடினால் ஆற்றுப் பாதைக்குக் குறுக்கு வழி. வேப்பமரத்து மேடைக்கு முன்னால் யாகூப் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தனியாக.

கல்லுக்குமி அதற்குக் கொஞ்சம் முன்னால். நான் அங்கே நின்றேன். குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். கூட்டம் வந்து நின்றது. யாருக்குக் கல் என்று பெரிய மாமாவுக்குப் புரிந்துவிட்டது, அவர் முகத்தைப் பார்த்தேன்.

கத்திச் சொன்னேன். “இது எங்க ஊட்டு ராவுத்தனுக்கு. தொற காட்டினது எங்க ஊட்டு ராவுத்தன். வாய்க்கா வயலு அதுக்கு வாங்கின கூலி. ஆருக்குங்க தெரியாது இங்க? சொல்லுங்க!”

போட்டேன். கல் மேல் கல் விழுந்த சத்தம் கேட்டது. அவ்வளவு பேர் நின்றும் அது கேட்டது.

உள்ளூர்க்காரர்கள் ஒருவரும் நிமிரவில்லை. ஓர் அடி நகரவில்லை. வெளியூர்ப் பையன்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பின்னால் ஆள் வரவில்லை என்பது மட்டும் விளங்கியது. அதற்குள் விழாக் காவலுக்கு வந்திருந்த போலீஸ் மேடையைச் சுற்றி நின்றுவிட்டது. இடிக்கவில்லை யாஸ்மின். அன்றைக்கு இடிக்கவில்லை.

அப்போதுதான் இவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். கூட்டத்தைப் பார்த்து, “சாமி வந்திருக்குதுங்க. அவளுக்கு நெதானமில்லீங்க. உடுங்க, உடுங்க” என்றார். யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். நான், “எனக்கு ஒண்ணும் வரலீங்க, தெளிவாத்தான் சொல்றன்” என்று சொல்லச் சொல்ல, பெண்கள் சுற்றி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “அப்படிச் சொல்லலீன்னா உன்ன அங்கயே அடிச்சிருப்பாங்க” என்று அழுதார். இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். கத்தியை என் கைக்கு எட்டாமல் வைக்கிறார்கள். அக்ஷிதா பெரிய மாமா வீட்டில் தூங்குகிறாள். நாளை தாராபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டப்போகிறார்களாம்.

லோகு


நாவல்துறை
29 செப்டம்பர் 2024

பேராசிரியை யாஸ்மின் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். மாத்திரை சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறேன். வீட்டில் எல்லோரும் அன்பாகக் கவனித்துக்கொள்கிறார்கள்.

விழா நாளில் எனக்கு மனநிலை சரியில்லை. தாங்கள் கடிதங்கள் மூலம் தொடர்ந்து எழுதி வந்த தவறான செய்திகளால் நான் குழம்பிப்போயிருந்தேன். அன்று நான் பேசியவை என் சொந்தக் கருத்துகள் அல்ல.

இனித் தாங்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம் என்றும், எங்கள் ஊருக்கு வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
க. லோகப்பிரியா


கோட்டைமேடு
5 அக்டோபர் 2024
பதிவுத் தபால்

லோகுவுக்கும், இதை அவளுக்கு முன்பே பிரிக்கும் கைக்கும்,

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் லோகு என்னைத் ‘தாங்கள்’ என்று சொன்னதில்லை. கையெழுத்து அவளுடையது. வார்த்தைகள் இல்லை. அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொண்டு போலீஸ் என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. நாவல்துறைப் பக்கம் வர மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கொடுத்துவிட்டு வந்தேன்.

லோகு, நீ கேட்டிருக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன். உன் வீடியோவும் சுற்றுகிறது. “எங்க ஊட்டு ராவுத்தன்!” என்று நீ கத்துவது மட்டும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதோடு ஒட்டிய காட்சியில் தலையில் மஞ்சள் தண்ணீர் வழிய நீ கையைத் தூக்கி நிற்கிறாய். பின்னால் உறுமிமேளம் சேர்த்திருக்கிறார்கள். ‘காவல் தெய்வத்தின் வம்ச மகள்’ என்று தலைப்பு. லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை.

யாகூப் அண்ணனும் விழாவுக்கு மறுநாளே இங்கு வந்துவிட்டார். போலீஸே வண்டி ஏற்றிவிட்டதாம், பாதுகாப்புக்கு என்று. இங்கே கணபதிப் பகுதியில் ஒரு காயில் கட்டும் கடையில் இருக்கிறார். வியாழக்கிழமை சாயங்காலமானால் யாரோடும் பேசுவதில்லை.

முதலில் பிரித்த கைக்கு: என் சித்தி மகள் ஃபர்சானா வக்கீல். இந்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் லோகப்பிரியா என்னிடமோ தன் அண்ணனிடமோ தனியாகப் பேசாவிட்டால், அவளை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவோம். நீதிபதி முன்னால் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் குடத்தில் தண்ணீர் கொண்டுவர முடியாது.

யாஸ்மின்


சத்தியமங்கலம்
12 நவம்பர் 2024

யாஸ்மின்,

போனில் உன்னிடம் அழத்தான் முடிந்தது. இப்போது பேனா பிடித்து எழுத முடிகிறது. மாத்திரையை நிறுத்தக் கூடாது, குறைக்க வேண்டும் என்று இங்குள்ள டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

உன் பதிவுத் தபால் வந்த வாரமே என்னை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய மாமா வாசல் வரை வந்தார். “ஒடம்பு தேறினதுக்கப்பறம் வாங்க அம்மணி” என்றார். அக்ஷிதாவைக் கேட்டேன். “கொழந்த படிக்கோணுமல்லொ” என்றார். தீபாவளிக்குக்கூட அனுப்பவில்லை. அண்ணி நான் நினைத்த அளவுக்குக் கெட்டவள் இல்லை. ஆனால் குழந்தையைக் கூட்டிவரத் துணைக்கு வரச் சொன்னால் அண்ணன், “அவங்களப் பகைச்சுக்க முடியாது” என்றான். நீ வரக்கூடாது. அதனால்தான் இல்மா, “நான் வாரனுங்க அக்கா, அது நான் படிச்ச ஸ்கூலு” என்று கோவையிலிருந்து புறப்பட்டு வந்தாள்.

நேற்று நடந்ததை அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். தாராபுரத்தில் பள்ளி விடும் நேரத்துக்குப் போய் நின்றோம். வாசலில் இவர் பைக்கோடு நின்றிருந்தார், குழந்தையைக் கூட்டிப்போக. என்னைப் பார்த்தார், இல்மாவைப் பார்த்தார். இளைத்துப்போயிருந்தார். அக்ஷிதா ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தடுப்பார் என்று நினைத்தேன். அவள் பள்ளிப் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “கூட்டீட்டுப் போ. பெரீப்பா ஆளனுப்பறதுக்குள்ள பஸ் ஏறீரு” என்றார். நீங்களும் வாருங்கள் என்றேன். “அம்மா தனியா இருக்கறாங்க” என்று பைக்கைத் திருப்பினார்.

அவர் கிளம்பும்போது வேப்பமரத்து மேடையைப் பற்றிக் கேட்டேன். இடிக்கவில்லையாம். வெள்ளையடித்துப் பலகை வைத்திருக்கிறார்களாம், ‘மாவீரன் ராவுத்தன் ஏறிய குதிரை’ என்று. குதிரைக்காரர் என்று ஒருவர் இருந்ததாகவே இனி யாரும் சொல்ல மாட்டார்கள். யாகூப் அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீ யோசி. எனக்குத் தெரியவில்லை.

இதுவரைக்கும் இல்மா சொல்லியிருப்பாள். ஒன்றை மட்டும் சொல்லியிருக்க மாட்டாள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

திருப்பூரில் பஸ் மாறி, மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்தோம். அக்ஷிதா ஜன்னல் பக்கம், நான் நடுவில், இல்மா இந்தப் பக்கம். குழந்தை என் புடவையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவிநாசி தாண்டியதும் இல்மா பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை நீட்டினாள். “இந்தா கண்ணு.” அக்ஷிதா வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பசியில்லையா என்று கேட்டேன். என் காதோடு காதாக, ஆனால் சின்னக் குழந்தையின் ரகசியம் எப்படி இருக்கும், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“அவங்க கையில வாங்கக்கூடாதும்மா. அவங்கதான் ராவுத்தனக் காட்டிக்குடுத்தவங்க.”

யார் சொன்னது என்று கேட்டேன். “எல்லாரும்தான்” என்றாள். “நான்கூட அவங்கூட்டு வாசல்ல கல்லு வெச்சனே. பெரிய தாத்தா எடுத்துக் குடுத்தாரு.”

ஆறு வயது, யாஸ்மின். எந்த மாதத்தில் வைத்தாள்? ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தபோதா? பக்கத்து வீட்டு வாசலில் விளையாடுகிறாள் என்று நான் நினைத்திருந்தபோதா?

இல்மாவின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பியபோது அவள் அந்தப் பிஸ்கட்டை இரண்டாக உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பாதியைத் தான் தின்றாள். இன்னொரு பாதியை எட்டி, ஜன்னல் கம்பிக்குக் கீழே, குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

புளியம்பட்டி வந்தது. குழந்தை அந்தப் பாதி பிஸ்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை அவிழ்க்கவில்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் அது கொஞ்சம் நகர்ந்தது. சத்தியில் நாங்கள் இறங்கும்போதும் அங்கேயேதான் இருந்தது.

லோகு